பசுவுக்குக் கிடைத்த பேர்

கேள்வி: ‘வாக்சின்’ எந்த மொழிச் சொல்? பெரியம்மைத் தடுப்பூசியை ஜென்னர் தனி ஒருவராகக் கண்டுபிடித்தார் என்று என் மகனின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பெயரும் அவர் வைத்ததுதானா?

பதில்: லத்தீன். ‘வக்கா’ என்றால் பசு. எட்வர்ட் ஜென்னர் 1798-இல் வெளியிட்ட நூலில் மாட்டம்மைக்கு, அதாவது பசுவின் மடியில் வந்து கறப்பவர் கைக்கும் தொற்றும் லேசான அம்மைக்கு, ‘வரியோலே வாக்சினே’ என்று பெயர் கொடுத்தார். அதிலிருந்து ‘வாக்சினேஷன்’ என்ற சொல்லை 1800-இல் உண்டாக்கியவர் ரிச்சர்ட் டன்னிங் என்ற மருத்துவர். 1881-இல் லூயி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதையாக எல்லாத் தடுப்பு மருந்துக்கும் அந்தப் பெயரே இருக்கட்டும் என்றார். போலியோ சொட்டு மருந்துக்கும் மாட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தத் ‘தனி ஒருவர்’தான் எனக்கு உறுத்துகிறது. பாடநூல் எழுதுகிறவர்களோடு எனக்குள்ள பழைய வழக்கு இது. இன்னும் தீரவில்லை.

ஜென்னர் 1796-இல் சோதித்துப் பார்ப்பதற்கு 22 வருடம் முன்பே, 1774-இல், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி இதைச் செய்துவிட்டார். அவர் வீட்டில் பால் கறந்த இரண்டு பெண்கள், அம்மை கண்ட சொந்தக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தும் நோய் அண்டவில்லை. இருவருக்கும் முன்பே மாட்டம்மை வந்து போயிருந்தது. ஊரில் பெரியம்மை பரவியதும் ஜெஸ்டி, பக்கத்துப் பண்ணை மாட்டின் மடிக் கொப்புளத்தில் காலுறை பின்னும் ஊசியைத் தொட்டு, மனைவி கையிலும் இரண்டு மகன்கள் கையிலும் குத்தினார். மனைவிக்குக் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது, பிழைத்தார். ஊரார் ஜெஸ்டியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

ஜென்னரின் உழைப்பை நான் குறைக்கவில்லை. சோதித்தார், எழுதினார், கேட்டவர்களுக்கெல்லாம் அம்மைப்பால், அதாவது மாட்டம்மைக் கொப்புளத்து நீர், அனுப்பினார். நாடாளுமன்றம் அவருக்கு இரண்டு தவணையில் 30,000 பவுண்டு கொடுத்தது. ஜெஸ்டிக்கு 1805-இல் ஒரு பாராட்டுப் பத்திரமும் தங்கம் பதித்த இரண்டு கத்திகளும்.

ஜென்னர் சோதித்துப் பார்த்த சிறுவன்? ஜேம்ஸ் ஃபிப்ஸ், எட்டு வயது, கூலித் தொழிலாளியின் மகன். 1796 மே 14 அன்று சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைப் புண்ணிலிருந்து எடுத்து அவன் கையில் ஏற்றினார்கள். சில வாரம் கழித்து நிஜப் பெரியம்மையையே குத்திப் பார்த்தார்கள். நோய் வரவில்லை. வந்திருந்தால் போயிருப்பது அவன் உயிர்.

சாராவுக்கு மாட்டம்மை கொடுத்த பசுவின் பெயர் பிளாசம். அதன் தோலை லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் மாட்டிப் போற்றுகிறார்கள். நல்லது, போற்றட்டும். ஆனால் குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் அம்மைப்பாலைக் கடல் கடத்தியது குழந்தைகளின் உடம்பு. 1803-இல் ஸ்பெயினிலிருந்து 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலேற்றி, ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு மாற்றி மாற்றி அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்தியாவுக்குப் பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் முதலில் குத்திக்கொண்டது அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தை. அவள் கையிலிருந்து எடுத்துத்தான் மற்றவர்களுக்குப் போட்டார்கள்.

பாடப் புத்தகத்தில் ஜென்னர் பெயருக்குப் பக்கத்தில் ஜெஸ்டி, ஃபிப்ஸ், அன்னா என்று உங்கள் மகனை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தேர்விலும் அப்படியே எழுதட்டும். மதிப்பெண் குறைத்தால் அவன் ஆசிரியரை எனக்குக் கடிதம் போடச் சொல்லுங்கள்; பதில் இதே பக்கத்தில் வரும்.