கடலோர வீட்டில் கடைசல் லேத்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஐயா, தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. வீட்டுக் கொட்டகையில் பூரிக்கட்டை, மத்து, பம்பரம், குங்குமச் சிமிழ் எல்லாம் கடையப் பழக ஆசை. ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு ஒரு மினி லேத் காட்டுகிறது. மதுரையில் ஒரு கடையில் அதைப்போல் சில மடங்கு விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அந்த விலையில் வருவது பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட் டிசி மோட்டார் வைத்த, மணி கடையும் லேத். சின்ன மணி, மோதிரம், விரல் அளவு பம்பரம் வரைக்கும் சரி. இரண்டு அங்குல கனத்தில் பூரிக்கட்டைக்கு மரத்தை மாட்டி உளியை வைத்தால் மோட்டார் நின்றுவிடும். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலுக்கு அது உதவாது.

மூன்று அளவுகளைக் கேளுங்கள். ஒன்று, இரு முனைகளுக்கு நடுவே எவ்வளவு நீளம் பிடிக்கும். பூரிக்கட்டைக்கு 16 அங்குலமாவது இருந்தால் நல்லது. இரண்டு, பெட்டுக்கு (லேத்தின் நீளமான அடித்தண்டவாளத்துக்கு) மேல் எவ்வளவு விட்டம் சுற்றும். இதில் விற்பவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள்: சிலர் முழு விட்டத்தைச் சொல்வார்கள், சிலர் மையத்தின் உயரத்தைச் சொல்வார்கள். மைய உயரம் 5 அங்குலம் என்றால் விட்டம் 10 அங்குலம். எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு லேத்தை ஒப்பிடாதீர்கள்.

மூன்றாவது மோட்டார். பெட்டிமேல் '750 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் 230 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 460. அந்த மோட்டார் 460 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுத்து ஓடச் செய்யப்பட்டதல்ல. அதிலும் சூடாகப் போனது போக மிச்சம்தான் மரத்தைச் சுற்றும். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு ஒரு குதிரைத்திறன் என்று சொல்வது பொய். கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இதைக் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இனி உங்கள் ஊருக்கே உரிய விஷயம். தீவில் இருக்கிறீர்கள், இரண்டு பக்கமும் உப்புக்காற்று. வேகத்தைத் திருகி மாற்றும் எலெக்ட்ரானிக் லேத் பார்க்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அதன் சர்க்யூட் போர்டில் உப்பும் மரத்தூளும் சேர்ந்து படிந்தால் சீக்கிரமே கோளாறு வரும். போர்டு போனால் அதே கம்பெனியின் போர்டுதான் வேண்டும். அதைவிட, பெல்ட்டைப் புல்லி மாற்றிப் போட்டு வேகம் கூட்டிக் குறைக்கும் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் லேத்தையே நான் பரிந்துரைப்பேன். மோட்டாரின் கம்பிச்சுற்று (காயில்) எரிந்தால் வைண்டிங் கடையில் கட்டிக்கொள்ளலாம். கெப்பாசிட்டர், பேரிங், பெல்ட் எல்லாம் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும். மோட்டார் முழுக்க மூடியதாக, தகட்டில் ஐ.பி. 54 (தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் தரக் குறியீடு) அல்லது அதற்கு மேல் குறித்ததாக இருக்கட்டும். பஸ் ஏறிப் போகும் தூரத்தில் பழுது பார்க்க முடியாத இயந்திரம், இந்தக் கரையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

வேலை முடிந்ததும் தூளைத் தட்டிவிட்டு, பெட்டில் எண்ணெயோ மெழுகோ தடவிப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும்.

கேள்வி: லேத்தோடு, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடை சக் ஒன்றும் ஆன்லைனில் வாங்கினேன். 'இந்த லேத்துக்குப் பொருந்தும்' என்றுதான் போட்டிருந்தது. வந்த சக்கில் மரை ஏறவே இல்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். 'நீங்கள் கடைந்து விற்கிறீர்கள், தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் சட்டம் செல்லாது' என்கிறார்கள். கீழக்கரையில் நானும் என் தம்பியும் இதை வைத்துத்தான் பிழைக்கிறோம்.

பதில்: அவர்கள் சொல்வது தவறு, பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்க்காது என்பது உண்மை. ஆனால் அதே இடத்தில் ஒரு விளக்கமும் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது. நீங்களே கடைந்து, அந்த வருமானத்தில் சாப்பிடுகிறவர்கள். அதை எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் வந்ததை அந்த ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே போனில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு அந்த அலுவலருக்கு எழுதுங்கள். 'பொருந்தும்' என்ற வரி தெரியும்படி அந்தப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடக்கூடும். லேத்தின் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மரையையும் சக்கின் மரையையும் வெர்னியர் வைத்து அளந்து அதையும் படம் எடுங்கள். ஸ்பிண்டில் ஒரு அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, சக் 33 மில்லிமீட்டர் விட்டத்து மரை என்றால் படமே வழக்கைப் பேசிவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மரை கொஞ்சம் ஏறுகிறதே என்று சக்கை அடித்து முடுக்கி ஓட்டிவிடாதீர்கள். கையாலேயே சுற்றி ஏறி, ஸ்பிண்டிலின் தோளில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அப்படி உட்காராத சக் ஓட்டத்தில் கழன்று பறந்தால் ஆளையே அடிக்கும்.

கேள்வி: சாயல்குடி பக்கம் விறகுக் கடையில் சீமைக்கருவேலம் எடை போட்டு மலிவாகத் தருகிறார்கள். மண்டபத்தில் பழைய மீன்பிடி வல்லத்தை (மரப்படகை) பிரித்த மரமும் விலைக்கு வருகிறது. கிண்ணம் கடைய எது நல்லது?

பதில்: சீமைக்கருவேலத்தை நம் மாவட்டத்தில் கரி மூட்டம் போடத்தான் பார்த்திருக்கிறோம். கடைசலுக்கு அது அருமையான மரம். வைரம் கடினம், காயும்போது அதிகம் சுருங்காது, மெருகு ஏறினால் செம்பழுப்பாக நிற்கும். ஆனால் எடைக்கு வாங்கும்போது பச்சை மரம் என்றால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். வெளிப்புற வெள்ளைப் பகுதியில் ஊசி முனை ஓட்டைகளும் மாவு மாதிரித் தூளும் இருந்தால் வண்டு விழுந்த கட்டை, அதைத் தொடாதீர்கள்.

உருண்டைக் கட்டையை அப்படியே காயப் போட்டால் வெடிக்கும். நடு மையத்தின் வழியாக இரண்டாகப் பிளந்து, வெட்டு முனைகளில் மெழுகு பூசி நிழலில் அடுக்குங்கள். கட்டையின் மேலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதி, வாரம் ஒரு முறை தராசில் வையுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. அவசரம் என்றால் பச்சையிலேயே கிண்ணத்தை முரடாகக் கடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டுக் காயவைத்து, பிறகு மறுபடி கடைந்து முடிக்கலாம்.

வல்லத்து மரம் வேண்டவே வேண்டாம். உள்ளே ஆணி இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்தாலும் இரும்பாணி மட்டும்தான் தெரியும், செம்பாணி தெரியாது. உப்பு ஊறிய மரம் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடிப்பகுதியில் பூசிய பழைய பெயிண்டில் ஈயமோ செம்போ இருக்கலாம். சாப்பிடும் கிண்ணத்துக்கு அது ஆகாது, தூளை மூச்சில் இழுக்கும் உங்களுக்கும் ஆகாது.

பூவரசு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஹவாய்த் தீவுகளில் காலங்காலமாக உணவுக் கிண்ணம் கடைந்த மரம் அது. நம் கரையில் வேலி ஓரமெல்லாம் நிற்கிறது.

கேள்வி: எட்டு உளி கொண்ட செட் வாங்கலாமா, தனித்தனியாக வாங்கலாமா? கொல்லர் பழைய அரத்தில் அடித்துத் தருகிறேன் என்கிறார். (பரமக்குடி வாசகி)

பதில்: தனித்தனியாக வாங்குங்கள். முரட்டு உருட்டலுக்குக் குழி உளி ஒன்று, சரிவு உளி ஒன்று, வெட்டிப் பிரிக்கும் உளி ஒன்று. கிண்ணம் கடையும்போது அதற்கான உளியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். 'எச்.எஸ்.எஸ்' (ஹை ஸ்பீட் ஸ்டீல், சூட்டிலும் கூர் மழுங்காத எஃகு) என்று எழுதியிருப்பது உண்மையா என்று சாணைக் கல்லில் லேசாக வைத்தால் தெரியும்: நல்ல எச்.எஸ்.எஸ் மங்கிய செந்நிறப் பொறிகளைக் கொஞ்சமாக விடும், சாதாரண கார்பன் எஃகு பூவாணம் போல வெடித்துச் சிதறும். அரம் கடினமானது, ஆனால் நொறுங்கும். சுற்றும் கட்டையில் மாட்டினால் சில்லாக உடையும். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உளியில் மிச்சம் பிடிக்கும் காசில் முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு ஒன்றும் நல்ல தூசி முகமூடி ஒன்றும் வாங்கிவிடுங்கள். கையுறை போடாதீர்கள். துப்பட்டா, முந்தானை, கூந்தல் மூன்றையும் இறுக்கிக் கட்டிய பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.

கேள்வி: குங்குமச் சிமிழுக்கு என்ன மெருகு பூசலாம்?

பதில்: அரக்குக் குச்சி. சுற்றும் மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படியும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துக் கைவினைஞர்கள் அதன்மேல் காய்ந்த தாழை மடலை வைத்துத்தான் பளபளப்பு ஏற்றுகிறார்கள். தாழைக்கு நம் கடலோரத்தில் பஞ்சமில்லை, காசு கொடுக்க வேண்டியது அரக்குக்கு மட்டும்தான்.