டர்பன் ஊசல்: கூடுதல் 5 பாகை எங்கிருந்து வருகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், 2030 நவம்பர் 25 சூரிய கிரகணத்தின்போது ஃபூக்கோ ஊசலை (நீண்ட கம்பியில் தொங்கும் குண்டு; பூமி சுழல்வதால் இது ஆடும் திசை மெல்லத் திரும்பும்) அளக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அதற்கான ஒத்திகையிலேயே ஊசல் இரண்டு மணி நேரத்தில் 20 பாகை திரும்புகிறது என்கிறீர்கள். அதில் 15 பாகை பூமியின் சுழற்சி: டர்பனில் மணிக்கு ஏறத்தாழ 7.5, இடஞ்சுழியாக.

மிச்சத்துக்குப் பெரும்பாலும் காரணம், குண்டு நேர்கோட்டில் ஆடாமல் மெல்லிய நீள்வட்டம் போடுவது. கம்பி குட்டையாக இருந்தால் இந்தப் பிழை வெகுவாகப் பெருகும்.

கையால் விடாதீர்கள். குண்டை நூலால் இழுத்துக் கட்டி, அசைவு முற்றும் அடங்கியபின் நூலை எரித்துவிடுங்கள். அடுத்து, ஆடும் திசையை 90 பாகை மாற்றிப் பாருங்கள். அளவு மாறினால் மேலே உள்ள பிடியைச் சந்தேகியுங்கள்.

1954 சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு ஆய்வாளர் மோரீஸ் அலே பாரிஸில் ஊசல் திரும்புவதில் கண்ட விலகலைத் தேடும் உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் 1997 கிரகணத்தின்போது சீனாவின் மோகேயில் ஈர்ப்புமானி (ஈர்ப்புவிசையை அளக்கும் கருவி) காட்டிய சிறு மாற்றத்துக்கு, நிழலில் குளிர்ந்த காற்றின் நகர்வே விளக்கமாக முன்வைக்கப்பட்டது. வெப்பநிலையும் காற்றழுத்தமும் கூடவே பதியாவிட்டால் உங்கள் முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள்.