ஞானஸ்நானம் பெற்றால் அப்பா வீட்டில் பங்கு போய்விடுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார், பிள்ளைகள் நாங்கள் மூவர். நான் ஞானஸ்நானம் பெறப்போவதாகச் சொன்னதும், கருமாதி முடிந்த அன்றே அண்ணன்கள் ஒரு தாளை நீட்டினார்கள். ‘மதம் மாறுவதால் எனக்கு வீட்டில் பங்கு வேண்டாம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியாவில் இதுதான் சட்டமாம். போதகரோ, பெயரை மாற்றினால்தான் சபையில் சேர்ப்பேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தியச் சட்டம் டர்பன் வீட்டைத் தொடாது. அங்கேயும்கூட, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மதம் மாறியவர் பங்கை இழப்பதில்லை. மாறிய பிறகு பிறந்து, இந்துவாக இல்லாத பிள்ளைகளுக்குத்தான் தடை. யாரோ அரைகுறையாகக் கேட்டுவந்து சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே உயிலில்லாச் சொத்தைப் பிரிப்பது 1987ஆம் ஆண்டின் 81ஆம் எண் சட்டம். வாரிசு எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று அது கேட்பதே இல்லை. அப்பாவின் சொத்தை அம்மாவையும் சேர்த்து நான்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, அல்லது 2,50,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது அம்மாவுக்கு. மீதி மூவருக்கும் சமம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்று யாராவது கிளப்பினாலும் அஞ்ச வேண்டாம். அப்படிப்பட்ட இந்து மனைவியும் இந்தச் சட்டத்தில் மனைவிதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்தத் தாளில் ஒரு வேடிக்கை உண்டு. தாய் உயிரோடிருக்கும்போது பிள்ளை வேண்டாம் என்று விடும் பங்கு தாய்க்கே போகும். அண்ணன்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்காது. தெரிந்திருந்தால் பேனாவையே திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ‘அண்ணன்களுக்குத் தருகிறேன்’ என்று எங்காவது ஒரு வரி இருந்தால் கதை வேறு. தாளின் நகலை வாங்கி எனக்கு அனுப்புங்கள்.

போதகர் விஷயம். மதச் சுதந்திரம் தரும் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு இருக்கும்போது மதம் மாற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெயரை மாற்றவும் சட்டம் சொல்லவில்லை. நாயுடு, பிள்ளை என்ற பெயரோடு பிரசங்கம் செய்கிறவர்கள் டர்பனில் இல்லையா என்ன! ஆனால் யாரை உறுப்பினராக்குவது என்பது சபையின் சொந்த விதி. நீதிமன்றம் அதில் எளிதில் நுழையாது. 2015இல் மெதடிஸ்ட் சபைப் போதகர் ஒருவர் தொடுத்த வழக்கில், முதலில் சபையின் நடுவர் முன் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றே அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. ஆகவே, பெயர் மாற்ற வேண்டும் என்பது சபை விதியில் எங்கே எழுதியிருக்கிறது என்று போதகரிடம் பணிவாகக் கேளுங்கள். எழுதியிருக்காவிட்டால் அது அவருடைய சொந்த விருப்பம்.