யானை எங்கே?

கேள்வி: எங்க ஊர்ல போர்டு எழுதிட்டிருந்த பெயின்டர் ஒருத்தர். பிளெக்ஸ் வந்ததும் தொழில் போச்சு, இப்ப தறி ஓட்டறார். ஞாயித்துக்கிழமையானா கொடுமணல் காட்டுல பழைய பானை ஓடு பொறுக்கப் போயிருவார். ஊர் வரலாறுன்னா அவருக்கு அவ்வளவு கிறுக்கு. பள்ளிக்கூடச் சுவத்துல வரையச் சொல்லி வசூல் பண்ணிக் கொடுத்தோம். ராஜாவும் இல்லை, யானையும் இல்லை. நாலு பேர் உக்காந்து கல்லுல துளை போடறாங்க, ஒருத்தர் துருத்தி மிதிக்கறார், அவ்வளவுதான். "இதுக்கா காசு கொடுத்தோம்"ங்கறாங்க பெரியவங்க. அழிச்சுட்டு வேற வரையச் சொல்லலாமுங்களா?
(ஒரு வாசகர், சென்னிமலைப் பக்கம்)

பதில்: வேண்டாமுங்க. நீங்கள் கேட்ட வரலாற்றைத்தான் அவர் வரைந்திருக்கிறார். உங்களுக்குத்தான் அது அடையாளம் தெரியவில்லை.

சங்க நூலான பதிற்றுப்பத்தில் புலவர் அரிசில்கிழார் 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்கிறார். கொடுமணத்தில் கிடைத்த, வேலைப்பாடு மிகுந்த அரிய நகை என்று பொருள். அந்தக் கொடுமணம்தான் இன்றைய கொடுமணல் என்கிறார்கள். பாட்டு சேர அரசனைப் பற்றியது. ஆனால் கொடுமணத்துக்கு அவர் கொடுக்கும் பெருமை கோட்டையும் அல்ல, கொடியும் அல்ல. வினைமாண். வேலைப்பாடு. 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டத் தொடங்கியபோது மண்ணும் அதையேதான் சொன்னது. இரும்பு உருக்கிய உலை, சுடுமண் ஊதுகுழாய், படிகம், பச்சைக்கல், சூதுபவளம் என்கிற சிவப்புக் கல். பாதி தேய்த்த மணி, துளை போடாமல் விட்ட மணி. பச்சைக்கல்லுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை, காங்கேயம் பக்கத்துப் படியூரிலேயே உண்டு. பானை ஓட்டில் கண்ணன் ஆதன் என்று ஒருவர் பெயர் கீறியிருக்கிறது. அரண்மனை மட்டும் அகப்படவில்லை. இல்லாத அரண்மனைக்கு உங்கள் பெயின்டர் எங்கே போய் யானை கட்டுவார்?

போர்வையால் பேர் வாங்கிய சென்னிமலைப் பக்கத்திலிருந்து இப்படிக் கேட்கிறீர்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தப் பேர் எந்த ராஜா கொடுத்தது? பகலெல்லாம் தறியில் நிற்கிற மனிதருக்கு, துருத்தி மிதித்தவனின் கால் கண்ணில் படுகிறது. வசூல் பண்ணிய நமக்குப் படவில்லை. (நமக்கு என்று என்னையும் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் அலுவலக வாசலில் தொங்குவதும் பிளெக்ஸ்தான்.)

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் கண்டியுங்கள். ஓடு பொறுக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அந்த ஓடு எந்தக் காலத்தது, எதனோடு கிடந்தது என்று பேசும். வீட்டு அட்டைப்பெட்டிக்குள் போனால் வாய் மூடிக்கொள்ளும். பார்த்து வரைந்துகொண்டு வரட்டும், போதும்.

அப்புறம், அரச்சலூர் மலைக்கு ஒருநாள் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அங்கே பாறையில் அந்தக் காலத்திலேயே த, தை என்று தாள எழுத்துகளை வரிசை வரிசையாக வெட்டி, எழுத்தைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரையும் வெட்டி வைத்திருக்கிறது. மணிய வண்ணக்கன் என்றால் மணியைச் சோதித்து மதிப்புச் சொல்கிறவன் என்கிறார்கள். அவனும் நம் பெயின்டர் மாதிரி ஒரு தொழில்காரன்தான்.

திரும்பி வந்து பள்ளிக்கூடச் சுவரைப் பாருங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் கட்டாயம் இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்கிறதா?