ஐசியூவிலிருந்து வந்து மூன்று மாதமாகியும் தேறவில்லையே என்ற கேள்விக்கு

செப்சிஸால் (கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைத் தாக்கும் நிலை) 12 நாள் வென்டிலேட்டரில் இருந்த உங்கள் கணவர் இன்னும் மாடிப்படி ஏறத் திணறுகிறார், ராத்திரி அலறி எழுகிறார், ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதால் வீட்டில் 'சோம்பல்' என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சோம்பல் இல்லைங்க.

நானும் அப்படிக் கிடந்து மீண்டவன்தான். ஐசியூவில் படுத்த முதல் 10 நாளிலேயே தொடைத் தசை கணிசமாகக் கரைந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. உடல், நினைவாற்றல், மனம் மூன்றையும் பிடிக்கும் இந்த நிலைக்கு மருத்துவர்கள் 2012-லேயே 'போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்' என்று தனிப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். 'இன்று தெம்பாக இருக்கிறதே' என்று ஒரே நாளில் எல்லாம் செய்யவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் கனவுகள்தான் பெரிய விஷயம். நர்ஸ்கள் என்னைத் தண்ணீரில் அமுக்குவதாக நான் நிஜமாகவே நம்பினேன். குழாய் விட்டுச் சளி உறிஞ்சியதைத்தான் மூளை அப்படி மாற்றிவைத்திருந்தது! என் மனைவி நாள்வாரியாக எழுதிவைத்த குறிப்பைப் படித்த பிறகுதான் பயம் தணிந்தது. நீங்களும் நினைவிருப்பதை எழுதி, அவர் கேட்கும்போது காட்டுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

முடி கொட்டினால் பதற வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

அப்புறம், ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், திடீர்க் குழப்பம், சிறுநீர் குறைதல் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். போனதும் 'இவருக்கு முன்பு செப்சிஸ் வந்தது' என்று முதலில் சொல்லுங்கள்.