கட்டிங் டேபிளில் முதலில் பேசுங்கள்

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஏற்றுமதிக்கு ஷூ தயாரிக்கும் தொழிற்சாலையில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். கட்டிங்கிலிருந்து துண்டுகள் கட்டுக்கட்டாக வருகின்றன. ஒரு சைஸில் லைனிங் இரண்டு குறைந்தால்கூட லைன் நின்றுவிடுகிறது. ஜோடி ஜோடியாக ட்ரேயில் அடுக்கி, சரிபார்த்து அனுப்பினால் இந்தத் தொல்லை இருக்காது என்று காலை மீட்டிங்கில் சொன்னேன். மேனேஜர் "பார்க்கலாம்மா" என்றார். கட்டிங் சூப்பர்வைசர் அண்ணா, "இருபது வருஷமா இப்படித்தான் ஓடுது" என்று முடித்துவிட்டார். எனக்குப் பேச்சுத் திறமை குறைவு. மற்றவர்களைச் சம்மதிக்க வைக்க மனோதத்துவத்தில் வழி இருக்கிறதா?
- வாசகி, பேரணாம்பட்டு

பதில்: இருக்கிறது. அதற்குப் பேச்சுத் திறமை அவ்வளவாகத் தேவையில்லை. உங்கள் யோசனையை அந்த அண்ணா முதன்முதலாகக் கேட்டது மேனேஜர் எதிரில், பத்துப் பேர் நடுவில். நீங்கள் யோசனையாகச் சொன்னது அவர் காதில் புகாராக விழுந்திருக்கும்: "கட்டிங்கில் கணக்குச் சரியில்லை." அந்த இடத்தில் யாராக இருந்தாலும் தன் டேபிளுக்காகத்தான் பேசுவார்கள்.

உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மரியன் ஊரில் ஹார்வுட் என்றொரு பைஜாமா தையல் தொழிற்சாலை இருந்தது. அங்கும் பெரும்பாலும் பெண்கள். கூலி பீஸ் கணக்கு. வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் வேலையை விட்டு நின்றார்கள். லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கே நடத்திய ஆய்வை 1948-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவைக் கூப்பிட்டு, மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் விளக்கிச் சொல்லி அனுப்பினார்கள். 40 நாட்களுக்குள் அந்தக் குழுவில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுவிட்டார்கள், உற்பத்தியும் தேறவில்லை. வேறு இரண்டு குழுக்களில், புது முறையை வகுக்கும்போதே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். அங்கே ஒருவர்கூட வேலையை விடவில்லை, உற்பத்தி பழைய அளவைத் தாண்டியது. பிறகு, முதல் குழுவில் மிஞ்சியவர்களையே இன்னொரு மாற்றத்தில் இப்படிச் சேர்த்துக்கொண்டபோது அவர்களும் மளமளவென்று ஏறினார்கள். எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

இதை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் துறையில் இருந்தபோது, கம்பெனி பஸ் நேரத்தை இருபது நிமிடம் முன்னால் நகர்த்த அழகாக ஓர் அட்டவணை போட்டு ஒட்டினேன். ஒருவரும் ஏற்கவில்லை. அப்புறம் டிரைவரையும், கே.வி.குப்பம் வழியில் ஏறும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, பேனாவைக் கையில் கொடுத்தேன். அதில் ஒரு அக்கா ஒரு நிறுத்தத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "சொசைட்டியில பால் ஊத்திட்டுத்தான் நாங்க வரணும்" என்றார். அந்த ஒரு நிறுத்தத்தைக் கடைசிக்குத் தள்ளி பஸ் சுற்றும் பாதையை மாற்றினோம். மற்றவர்களிடம் அட்டவணையை விளக்கியது அந்த அக்காதான்.

அதனால் நீங்கள் முதலில் போக வேண்டியது கட்டிங் டேபிளுக்கு. டீ நேரத்தில், தனியாக. "அண்ணா, துண்டு குறையறது எந்த இடத்தில நடக்குது? உங்களுக்குத்தான் தெரியும்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிஜமாகவே காது கொடுங்கள். தோலில் தழும்போ ஓட்டையோ இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கி மறுபடி வெட்ட வேண்டும், அது பின்னால்தான் வரும் என்று அவர் சொல்லலாம். அப்படியானால் ட்ரேயில் அடுக்குவதைவிட, மறுவெட்டுத் துண்டுகளுக்குத் தனிப் பெட்டி வைப்பதே பாதித் தொல்லையைத் தீர்க்கும். உங்கள் யோசனை இப்படி உருமாறினால் மாறட்டும். அவர் கை பட்ட யோசனையை அவரே தட்டிவிட மாட்டார். மேனேஜரிடம் பேசும்போது, "இது அண்ணா சொன்னது" என்று அவர் பங்கை அவர் பெயரிலேயே சொல்லுங்கள்.

மேனேஜருக்கு வேறு தயாரிப்பு வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: லைன் எத்தனை மணிக்கு நின்றது, எந்தத் துண்டு வரவில்லை, எத்தனை நிமிடம். யார் தவறு என்ற பத்தியே அதில் வேண்டாம். அது இருந்தால் நோட்டு குற்றப்பத்திரிகை ஆகிவிடும். கானமன், ட்வெர்ஸ்கி என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1979-ல் எழுதிக் காட்டியதுபோல, அதே அளவு லாபத்தைவிட நஷ்டம்தான் மனிதர்களுக்கு உறைக்கும். "இப்படிச் செய்தால் உற்பத்தி கூடும்" என்பதைவிட, "இந்த இரண்டு வாரத்தில் நம் லைன் இத்தனை நிமிடம் சும்மா நின்றிருக்கிறது சார்" என்பது அவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். எண் உண்மையாக இருக்க வேண்டும், கூட்டிச் சொல்லாதீர்கள். தினமும் முகம் பார்க்கிறவர்களிடம் ஒருமுறை பொய்க்கணக்குக் காட்டினால் அடுத்த யோசனையைச் சொல்லவே முடியாது.

கேட்பதையும் சின்னதாகக் கேளுங்கள்: ஒரு லைன், ஒரு மாடல், ஒரு வாரம். கூடவே, "சரிவரலைன்னா பழையபடியே போயிடலாம் சார், முடிவு உங்களுடையது" என்று சொல்லுங்கள். பிரான்சில் 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். "கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்" என்று சேர்த்துக் கேட்டபோது 47.5 சதவீதம் பேர் கொடுத்தார்கள். தொழிற்சாலை முடிவு சில்லறை விஷயமல்ல, அதே அளவு பலனை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பின்வாங்க வழி இருக்கிறது என்று தெரிந்தால் மேலதிகாரிக்கும் மனம் இளகும்.

கப்பல் தேதி நெருங்கி எல்லோரும் ஓவர்டைம் பார்க்கும் வாரத்தில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அடுத்த ஆர்டருக்கு சாம்பிள் ஓகே ஆகி, கட்டிங் தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு நாட்கள்தான் சரியான நேரம். நோட்டோடு போங்கள், முடிந்தால் அந்த அண்ணாவையும் கூட்டிக்கொண்டு.