டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையும் ரத்தப் பரிசோதனைச் செலவும்: கேள்வி-பதில்

கேள்வி: ஓர் ஆய்வகத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 346, இன்னொன்றில் 12. யார் மீது வழக்குப் போடுவது?

பதில்: முன்னது டெசிலிட்டருக்கு நானோகிராம், பின்னது லிட்டருக்கு நானோமோல்; 346-ஐ 28.8-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு வழக்கறிஞரைத் தேடுங்கள்.

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் இருக்கிறேன். எண்பது பரிசோதனைகள் அடங்கிய தள்ளுபடி பேக்கேஜ் லாபமா?

பதில்: இல்லை. தீபாவளித் தள்ளுபடியில் நானும் ஒன்று வாங்கினேன். கேட்காத வைட்டமின்கள் பக்கம் பக்கமாக அச்சாகி வந்தன, மருத்துவர் கேட்ட பரிசோதனை மட்டும் இல்லாததால் அதற்குத் தனியாகப் பணம் கட்டினேன். உங்களுக்கு முக்கியமாக வேண்டியவை டெஸ்டோஸ்டிரோன் அளவு, ஹீமாடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்), வயதைப் பொறுத்து பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான பரிசோதனை) ஆகியவையே. அவற்றிலும் ரத்தம் எடுக்கும் நேரம் தவறினால் கொடுத்த காசு வீண். குறுகிய கால ஊசி என்றால் இரண்டு ஊசிகளுக்கு நடுவிலும், அன்டெகனோயேட் போன்ற நீண்ட கால ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பும், ஜெல் என்றால் தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள்ளும் எடுப்பதே முறை. ரத்தம் எடுக்க ஊசி குத்தும் இடத்தில் ஜெல் ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக எகிறும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரோ "வெறும் வயிறுதானே?" என்று கேட்டு, ஓடிபியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கடைசி ஊசி என்றைக்குப் போடப்பட்டது என்று கேட்டு எழுதாத ஆய்வகம், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் எனக்கு விலை அதிகம்தான்.

கேள்வி: ஊசி தொடங்கிய பின் ஹீமாடோக்ரிட் 55 சதவீதம். ரத்தம் நன்றாக ஊறுகிறது என்று இரும்புச்சத்து டானிக்கும் வாங்கிவிட்டேன்.

பதில்: டானிக்கை மூடி வையுங்கள். இந்த ஹார்மோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டி ரத்தத்தைக் கெட்டியாக்கும். ஹீமாடோக்ரிட் 54-ஐத் தாண்டினால் அது இறங்கும்வரை சிகிச்சையை நிறுத்திவைப்பதே வழக்கம். அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: உடற்பயிற்சிக்கூடப் பயிற்சியாளர் "சத்து ஊசி" என்று பில் இல்லாமல் விற்றார். இப்போது விரைகளை இயக்கும் ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டும் அடிமட்டத்தில். விந்தணுவே இல்லை என்கிறார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கிறோம்.

பதில்: தம்பி, குற்றம் உங்களுடையதன்று. அந்தச் சத்து ஊசி டெஸ்டோஸ்டிரோன்தான் போலும்; அது வெளியிலிருந்து வந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அவ்விரு ஹார்மோன்களையும் குறைத்துவிடும். விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். ஊசியை நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் மீளும் என்றாலும், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், காலிக் குப்பி ஆகியவை சாட்சிகளே. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து என்பதால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுங்கள். இழப்பீட்டுக்கு 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.